பேர் போடாத சிவப்புப் படம்

கறிக்கடைக்காரர் வாசனை சோப்பு போட்டுக் குளிக்க ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்தது அவர் பொண்டாட்டி இல்லை. எதிர்வரிசைத் தையல்காரம்மாதான். ஈரல் வாங்க வந்தவர் ரெண்டு தரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, கறியோட ரோஜாப்பூவும் விக்கிறீங்களா?" என்றார்.

கத்தி மட்டும் கட்டையில் கொஞ்சம் சத்தமாக இறங்கியது. தராசுப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பொண்டாட்டிதான் சொன்னாள். "உனக்கு விஷயமே தெரியாதா? ரெண்டாந்தரம் மாப்பிள்ளை ஆகப்போறாரு. பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம்."

தையல்காரம்மா சிரித்துக்கொண்டே போனார். பொண்டாட்டி சிரிக்கவில்லை. வீட்டுக்குள் ஒரு பெரிய கல் வந்து உட்கார்ந்திருந்தது, அதைச் சுற்றிச் சுற்றித்தான் ரெண்டு பேரும் நடந்துகொண்டிருந்தார்கள்.

கல் இதுதான். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் மகள், தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் அத்தை ஊருக்குப் போய்ப் படிக்கிறேன்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா" என்றாள். வயசுக்கு வந்த பிள்ளை சொல்கிற சும்மாவுக்குள் ஒரு லாரி சாமான் இருக்கும், இறக்கிப் பார்க்கத்தான் விடமாட்டார்கள். ஒரே பிள்ளை. மூக்கும் முழியும் பேச்சும் அப்படியே அவரை உரித்து வைத்த மாதிரி. அத்தை, அதாவது அவருடைய தங்கை, போனில், "தாராளமா அனுப்புண்ணே, எனக்கும் துணையாச்சு" என்று வேறு சொல்லிவிட்டாள். இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காரணம் தெரியும் என்று நினைத்தார். அதுதான் சோப்பு.

"நாத்தம்தான்" என்றார் அன்றைக்கு மத்தியானம், கட்டையில் உப்பைக் கொட்டித் தேய்த்துக்கொண்டே. வியாபாரம் முடிந்ததும் கட்டையை உப்புப் போட்டுத் தேய்த்துக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுவார். அந்தத் தெருவில் அவர் கடைபோலச் சுத்தமான கடை கிடையாது, ஈ வந்தால்கூட வழி தவறித்தான் வரவேண்டும்.

"என்ன நாத்தம்?"

"நம்ம நாத்தம். ஸ்கூல்ல எவனாச்சும் சொல்லியிருப்பான், கறிக்கடைக்காரன் பொண்ணுன்னு. பிள்ளை கூசிப் போயிருக்கும்."

"அவ சொன்னாளா?"

"சொல்லுவாளா? என் மூஞ்சிய பாத்து எப்படிச் சொல்லுவா?"

"அவ நேத்து என்னைய பாத்து, 'அம்மா, நீ பாடினா நாய் ஓடிப்போகுது'ன்னு சொன்னா. மூஞ்சிய பாத்து சொல்றதுல அவளுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல."

"அது வேற, இது வேற. உனக்குப் புரியாது."

"ஆமா, எனக்குப் புரியாது. எடைக்கல்லு மட்டும்தான் புரியும்." அவள் தராசுத் தட்டைத் துடைத்துக் கவிழ்த்துவைத்தாள்.

இப்படி இழுத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் டிராயிங் டீச்சர் கடைக்கு வந்தார். ஒல்லியான பெண், வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு பருவம்கூட முடியவில்லை. முழங்கை வரைக்கும் பெயிண்ட், காதோரம் ஒரு நீலப் பொட்டு. நின்ற இடத்தில் நிற்கத் தெரியாது. பேசும்போது கையும் பேசும்.

"அண்ணே, எனக்குக் கறி வேணாம், பேப்பர் வேணும்."

"பேப்பரா?"

"நீங்க கறி மடிச்சுக் குடுக்கிறீங்கல்ல, அந்த உருளை. ஸ்கூல்ல தர்ற பேப்பர் தபால்தலை சைசுல இருக்கு. அதுல யாராச்சும் கோபத்தை வரைய முடியுமா? கோபத்துக்குக் கை நீட்ட எடம் வேணாமா?"

கறிக்கடைக்காரர் பொண்டாட்டியைப் பார்த்தார். பொண்டாட்டி, எனக்கென்ன தெரியும் என்று உதட்டைப் பிதுக்கினாள்.

"கோபத்தை எப்படிம்மா வரைவாங்க? மூஞ்சிய உர்ருன்னு வெச்சா?"

"மூஞ்சியே கூடாது! என் கிளாசுல மூஞ்சி, மரம், வீடு, சூரியன், ரெண்டு மலை, நடுவுல ஆறு, எதுவும் கூடாது. வெறும் நிறம், கோடு, எடம். அவ்வளவுதான்."

"மரம் கூடவா கூடாது? பாவம், மரம் என்ன பண்ணிச்சு?"

டீச்சர் சிரித்துவிட்டார். "நேர்ல வந்து பாருங்கண்ணே. உங்க பொண்ணும் இருக்கா."

அது போதும் அவருக்கு. மறுநாள் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு, புது உருளை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு தானே பள்ளிக்கூடத்துக்குப் போனார். போவதற்குமுன் மறுபடியும் குளித்தார். சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

டிராயிங் வகுப்பு ஒரு பழைய கிடங்கு அறையில் நடந்தது. ஜன்னல் உயரத்தில் இருந்தது. பெஞ்சையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு, பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப்போட்டுத் தரையில் இருந்தார்கள். ஆளுக்கொரு பெரிய காகிதம். கறிக்கடைக்காரர் உள்ளே போகாமல் கதவோரம் தூண் மறைவில் நின்றார். மகள் அந்தக் கோடியில் குனிந்திருந்தாள், முதுகு மட்டும் தெரிந்தது. என்ன வரைகிறாள் என்று தெரியவில்லை.

"சுத்தி வாங்க, சுத்தி வாங்க!" டீச்சர் காகிதங்களுக்கு நடுவே தாவித் தாவிப் போனார். "ஒரே பக்கமா உக்காந்து வரைஞ்சா அதுக்கு மேல் கீழ் வந்துரும். எல்லாப் பக்கத்துலருந்தும் வரைங்க. ஏய், அது மூக்கு மாதிரி இருக்கு. அழி."

"மூக்கு இல்ல டீச்சர், கோடு."

"கோட்டுக்கு ஓட்டை எதுக்கு ரெண்டு?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் கையைத் தட்டினார்.

"மறுபடி சொல்றேன். ஒரு ஆளைப் பாக்குறீங்க. பேசல, பழகல. அதுக்குள்ள மனசு ஒரு முடிவு எடுத்துருது. இவன் திருடன், இவ திமிரு புடிச்சவ, இவன்கிட்ட போகாத. அந்த நேரம் உடம்புல எங்க என்ன ஆகுது? வயிறு சுருங்குதா, தோள் இறுகுதா? அந்தச் சுருக்கத்துக்கு என்ன நிறம்? ஓரத்துல இருக்கா, நடுவுல இருக்கா? இல்ல, உங்களைப் பாத்து யாராச்சும் அப்படி முடிவு எடுத்தாங்களா? அது எங்க குத்துச்சு? அதை வரைங்க."

ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், எனக்கு யார் மேலயும் அப்படி ஒண்ணும் தோணினதே இல்ல. நான் நல்லவன்."

"அப்படியா? சரி, அந்த நல்லவனை வரை. எவ்வளவு எடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்னு பாப்போம்."

தூண் மறைவில் கறிக்கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இந்தப் பொண்ணு கெட்டிக்காரி என்று நினைத்தார். கத்தியைச் சரியான இடத்தில் வைத்தால் எலும்பு தானாகவே விட்டுக்கொடுக்கும், அழுத்த வேண்டியதில்லை. டீச்சரும் அப்படித்தான் பிள்ளைகளிடம் எங்கே வைக்கவேண்டுமோ அங்கே வைக்கிறார். உருளையைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பினார். ஆனால் வழியெல்லாம் வயிறு சுருங்கிக்கொண்டே வந்தது. உங்களைப் பார்த்து யாராவது முடிவு எடுத்தார்களா? எங்கே குத்தியது? மகள் என்ன வரைவாள் என்று அவருக்குத் தெரிந்துபோன மாதிரி இருந்தது.

சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். காலையிலிருந்தே மழை. பொண்டாட்டி நல்ல சேலை கட்டினாள், இவர் வெள்ளைச் சட்டை போட்டார். பள்ளிக்கூடத்துக் கூடத்தில் துணி காயப்போடுகிற மாதிரி குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, கிளிப் போட்டுப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். எதிலும் பேர் கிடையாது. ஈரக் குடைகள் வாசலில் குவிந்து கிடந்தன. பெற்றோர்கள் படத்துக்குப் படம் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள்.

"ரூல் ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் டீச்சர், நாற்காலி மேல் ஏறி நின்று. "வரைஞ்சவங்க வாயைத் திறக்கக் கூடாது. பாக்குறவங்க முதல்ல சொல்லணும், என்ன தோணுதோ அதை. தப்பு, சரி எதுவும் கிடையாது."

"எனக்குத் தலை சுத்துது" என்று யாரோ ஒருவர் சொன்னார்.

"அதையும் சொல்லலாம்."

பொண்டாட்டி ஒரு படத்தின்முன் நின்றாள். இடது ஓரத்தில் நீலமும் பச்சையும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று முண்டியடித்துக்கொண்டு நசுங்கிக் கிடந்தன. மீதிக் காகிதம் முழுவதும் வெறுமை. "பாவம், பெயிண்ட் தீந்துபோச்சு போல" என்றாள் பக்கத்தில் நின்றவளிடம்.

கறிக்கடைக்காரர் அதற்குள் வேறொன்றின் முன்னால் அடித்துவைத்த ஆணிபோல் நின்றுவிட்டார்.

சிவப்பு. காகிதம் முழுக்கச் சிவப்பு, ஆனால் ஒரே சிவப்பு இல்லை. ஓரத்தில் கறுத்து, நடுவில் புது ரத்தம்போல் பளபளத்து, சில இடத்தில் விரலால் இழுத்து இழுத்துச் சதை நார்போல் ஓடியது. அதன் நடுவே அங்கங்கே வெள்ளை. பூசின வெள்ளை இல்லை, காகிதத்தை அப்படியே விட்ட வெள்ளை. திட்டுத் திட்டாக, ஓரம் நெளிந்து, சிவப்புக்குள் புகுந்து புகுந்து நின்றது. விடிந்து எழுந்தால் அவர் பார்க்கிறதுதான். கொழுப்போடிய தொடைக்கறி.

அவருக்குக் காது அடைத்தது. ஆனால் பாருங்கள், அந்த நேரத்திலும் அவர் கண் அதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. எவ்வளவு அழகு! வெள்ளை எங்கே நிற்கவேண்டும் என்று தெரிந்து நிறுத்தியிருக்கிற கை.

டீச்சர் வந்து பக்கத்தில் நின்றார். "என்ன தோணுதுண்ணே?"

"கறி" என்றார்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் திரும்பினார்.

"சிரிக்காதீங்க. நான் கறிக்கடைக்காரன். நான் பாக்காத கறியா? இது தொடை. இந்த வெள்ளை கொழுப்பு. சதைக்குள்ள கொழுப்பு எப்படி ஓடும்னு பக்கத்துல இருந்து பாத்தவங்கதான் இதை வரைய முடியும். ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கு. ரொம்ப." கூடத்தில் மகளைத் தேடினார். கோடிச் சுவரோரம் நின்றாள். "பாப்பா, அப்பாவுக்குப் புரிஞ்சுபோச்சு. உன்னைய எவன் என்ன சொன்னான்னு நான் கேக்கல. நீ அத்தை வீட்டுக்குப் போய்ப் படி. நான் தடுக்க மாட்டேன்."

பொண்டாட்டி, "ஐயோ, இந்த மனுஷன்" என்று முணுமுணுத்தாள்.

"அப்பா" என்றாள் மகள். "அது என்னுது இல்ல."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "உன்னுது இல்லையா?"

"என்னுது அங்கிள்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். மகள் வயதுதான். மாநிறம். ரெண்டு கண்ணைச் சுற்றியும், வாயின் ஒரு ஓரத்திலும், கழுத்திலும் தோல் நிறம் விட்டு வெளுத்திருந்தது. திட்டுத் திட்டாக, ஓரம் நெளிந்து. கறிக்கடைக்காரர் அந்த முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"அது கறி இல்ல அங்கிள். என் மூஞ்சி" என்றாள் அவள். "அதாவது, மூஞ்சி வரையக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க, அதனால உள்ள இருக்கிறதை வரைஞ்சேன். யாராச்சும் உத்துப் பாத்தா எனக்குள்ள இப்படித்தான் எரியும். அப்புறம் கொஞ்ச நேரத்துல சில எடத்துல ஒண்ணுமே தோணாமப் போயிரும். அந்த எடத்துல பெயிண்ட் வைக்காம விட்டுட்டேன்."

ஒரு பிள்ளையின் முகத்தை ஊர் கூடியிருக்கிற இடத்தில் தொடைக்கறி என்று சொல்லியிருக்கிறார். ரெண்டு கையும் தானாகச் சேர்ந்து கும்பிட்டது.

"மன்னிச்சுரும்மா. எனக்கு ஆட்டைத் தாண்டி உலகம் தெரியாது. வாய் முந்திருச்சு."

அந்தப் பெண் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாயோரம் சிரிப்பு வந்தது. "பரவால்ல அங்கிள். மேப்புன்னு கூப்புட்டிருக்காங்க, பால் கொட்டினவன்னு கூப்புட்டிருக்காங்க. கறின்னு யாரும் சொன்னதில்ல. புதுசாத்தான் இருக்கு."

டீச்சர் மெதுவாகக் கேட்டார். "அவர் சொன்னதை எடுத்துக்கிறியா?"

"'ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கு'ங்கிறதை எடுத்துக்கிறேன். கறியை அவரே வெச்சுக்கட்டும்."

கூடமே சிரித்தது. கறிக்கடைக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். என்ன பிள்ளை இது! இவ்வளவு பேர் முன்னால், இவ்வளவு நிமிர்ந்து.

அப்போதுதான் மகள் நடந்து வந்தாள். அம்மா பெயிண்ட் தீர்ந்துபோச்சு என்று சொன்னாளே, அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "இதுதான் என்னுது."

"வரைஞ்சவங்க பேசக்கூடாதுன்னு..." என்று ஆரம்பித்த டீச்சர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இது பெஞ்சு" என்றாள் மகள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணையும் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்துப் பேசினாள். "நான் இவ பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அது ஒட்டிக்கும்னு யாரோ சொன்னாங்க. நான் எந்திரிச்சுப் பின்னாடி பெஞ்சுக்குப் போயிட்டேன். அங்க இடமே இல்ல, நெருக்கியடிச்சு உக்காந்தேன். அப்புறம் அது ஒட்டாதுன்னு சயின்ஸ் மிஸ் சொன்னாங்க. ஆனா எனக்குத் திரும்பி வரத் தெரியல. தினமும் அவ முதுகைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். அதான் வேற ஊருக்கே போயிரலாம்னு..."

"நீ எந்திரிச்சுப் போனது கூடப் பரவால்ல" என்றாள் அந்தப் பெண். இப்போது சிரிப்பில்லை. "உன் பென்சில் டப்பாவை மறந்துட்டுப் போனே. நான் எடுத்துட்டு வந்து குடுத்தேன். நீ அதைப் பாவாடையில தொடச்சே. அதுதான் அங்க கறுப்பா இருக்கிறது." சிவப்புப் படத்தின் ஓரத்தைக் காட்டினாள்.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சாரி."

"கேட்டுக்கிட்டேன். மன்னிக்கிறதைப் பத்தி அப்புறம் பாக்கலாம். பெஞ்சு காலியாத்தான் கிடக்கு."

மழை விட்டிருந்தது. மூன்று பேரும் தெருவில் தேங்கின தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். கறிக்கடைக்காரரால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா, அப்ப ஸ்கூல்ல உன்னைய யாரும் எதுவும் சொல்லலையா? நாத்தம் அடிக்குது, அப்படி இப்படின்னு?"

"ஒருத்தன் சொன்னான், போன வருஷம். உன் மண்டையை உடைச்சு சூப்பு வெச்சுருவேன்னேன். அதுலருந்து எனக்கு அவன்தான் கணக்கு சொல்லித்தர்றான்."

"உனக்குக் கூச்சமா இல்லையா? அப்பா கடை..."

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "என்னைய பத்தி நீங்க இப்படியா நினைச்சீங்க?"

ஒரே நாளில் ரெண்டு பிள்ளைகளைத் தப்பாகப் படித்திருக்கிறார், அதில் ஒன்று அவர் பெற்ற பிள்ளை.

"சோப்பா போட்டுத் தேச்சாரு" என்றாள் பொண்டாட்டி. "உங்க அப்பா தோலு தேஞ்சதுதான் மிச்சம். சரி, நீ கேளு. உனக்கு அத்தை வீட்டுக்குப் போகணும்னா போ. ஆனா இப்ப போனா அது படிக்கப் போறதில்ல, ஓடிப் போறது. முதல்ல போய் அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காரு."

"அவ உக்கார விடலைன்னா?"

"நின்னுக்கிட்டே படி. காலு என்ன தேஞ்சா போயிரும்?"

திங்கட்கிழமை கடையில் கூட்டம் குறைவு. குறைவாக இருந்ததுதான் கஷ்டம், நேரம் நகரவில்லை. கறிக்கடைக்காரர் அரைக் கிலோ கேட்டவருக்கு ஒரு கிலோ வெட்டினார். பொண்டாட்டி தராசைப் பார்க்காமல் தெருவைப் பார்த்து எடை போட்டாள்.

"எண்ணம் எங்க இருக்கு?" என்றார் அவர்.

"உங்க எண்ணம் இருக்கிற எடத்துலதான்."

சாயங்காலம் மகள் வந்தாள். பையைப் போட்டாள், முகம் கழுவினாள், தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா சோறு போட்டாள், முட்டை வைத்தாள். ரெண்டு பேரும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி எதிரில் உட்கார்ந்தார்கள். அவள் முட்டையை நாலாகப் பிய்த்துப் பொறுமையாகத் தின்றாள். கறிக்கடைக்காரருக்கு உயிர் போய் வந்தது.

"எங்க உக்காந்த?" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"அவ பக்கத்துல."

"பேசினாளா?"

"ம்ஹும். புஸ்தகத்தை நடுவுல நிக்க வெச்சுட்டா, மதில் சுவரு மாதிரி. நானும் பேசல. மத்தியானத்துக்கு மேல ஜன்னல் வழியா வெயில் அவ மேல இறங்குச்சு. கையை வெச்சு மூஞ்சிய மறைச்சுக்கிட்டே எழுதினா. அந்த வெள்ளைத் தோல்ல வெயில் பட்டா கொப்புளம் வந்துருமாம்பா. அவ்வளவு நாள் பக்கத்துல உக்காந்தும் எனக்குத் தெரியாது. இப்பதான் சயின்ஸ் மிஸ்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"நகருன்னேன். முறைச்சா. நீ உள்ள வா, நான் ஜன்னல் பக்கம் உக்காந்துக்கிறேன்னேன்."

"வந்தாளா?" ரெண்டு பேரும் சேர்ந்தே கேட்டுவிட்டார்கள்.

"கொஞ்ச நேரம் கழிச்சு வந்தா. புஸ்தகத்தையும் கொண்டுவந்து நடுவுல வெச்சா. ஆனா இந்தத் தடவை படுக்கத்தான் வெச்சா."

கறிக்கடைக்காரர் மகளைப் பார்த்தார். ஜன்னல் பக்கத்துக் காதும் கன்னமும் வெயிலில் கருத்திருந்தன. எழுந்துபோய்ப் போனை எடுத்தார், எண்ணை அழுத்தாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அத்தை கேட்டா என்ன சொல்லட்டும்?"

மகள் தட்டில் விரலை வழித்தாள். "இப்ப வர முடியாதுன்னு சொல்லுங்க. நான் எந்திரிச்சா அவ மேல வெயில் அடிக்கும்."